கர்ப்பப்பை கூலிக்கு ஈடல்ல!

மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் குடிதண்ணீருக்கும் அலைய வேண்டிய மரத்வாடாப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் அந்த ஜில்லாவிலிருந்து லட்சக்கணக்கான ஏழை விவசாயிகளும் விவசாயத் தொழிலாளரும் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். கோலாப்பூர், சாங்லி, சத்தாரா ஜில்லாக்களின் சர்க்கரை ஆலைகளுக்கும், எல்லை தாண்டிக் கர்நாடகத்து ஆலைகளுக்கும் கரும்பு வெட்டிக் கொடுப்பவர்கள் இவர்கள்தான். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்தே ஊர் திரும்புவார்கள்.

இந்த ஜில்லாவைப் பற்றி 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வெளிவந்தது. கரும்பு வெட்டும் பெண்களில் ஏராளமானோருக்குக் கர்ப்பப்பையே இல்லை என்பதுதான் செய்தி. நோயால் அழிந்துபோகவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. ஜூன் மாதத்தில் மாநிலத்தின் சுகாதார மந்திரியே சட்ட மேலவையில் எழுந்து, முந்தைய மூன்றாண்டுகளில் அந்த ஒரே ஜில்லாவில் 4,605 பெண்களுக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டது என்று ஒப்புக்கொண்டார். பின்னர் மேலவைத் துணைத் தலைவர் நீலம் கோர்ஹே தலைமையில் ஒரு குழு அமைந்தது. கரும்பு வெட்டும் பெண்கள் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றி விவரம் திரட்டப்பட்டது. அவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்தவர்கள்!

நூற்றுக்குப் பதினாறு பேர். நாடு முழுவதிலும் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் என்று 2019-21-ம் ஆண்டின் தேசியக் குடும்பநல சர்வே சொல்கிறது. இரண்டு கணக்குகளிலும் வயது வரம்பு ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால் மூன்றுக்கும் பதினாறுக்கும் உள்ள வித்தியாசத்தை வயதைக் காட்டி மறைத்துவிட முடியாது. முப்பது வயது நிரம்பாத பெண்களும் இந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

தோழர்களே! இது மாதர் சமாசாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது கூலிப் பிரச்னை. முன்பணப் பிரச்னை. வேலை நேரப் பிரச்னை. ஆகவே ஆண் தொழிலாளியும் பெண் தொழிலாளியும் சேர்ந்து படிக்க வேண்டிய, சேர்ந்து பேச வேண்டிய பிரச்னை.

இரண்டு மனிதர், ஒரு அரிவாள்

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

சீசன் தொடங்குவதற்கு முன்பே கங்காணி கிராமத்துக்கு வந்து முன்பணம் கொடுக்கிறான். அவனுக்கு அங்கே 'முக்காதம்' என்று பெயர். முன்பணம் தனி ஆளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு கணக்கு. அந்த ஜோடிக்குக் 'கோய்தா' என்று பெயர். கோய்தா என்றால் அரிவாள். ரத்தமும் சதையும் உள்ள இரண்டு மனிதர்கள் கணக்குப் புத்தகத்தில் ஒரே அரிவாளாக எழுதப்படுகிறார்கள்!

புருஷன் வெட்டுகிறான். பெண்டாட்டி தோகை கழித்து, கட்டுக் கட்டி, தலையில் சுமந்து லாரியில் ஏற்றுகிறாள். விடியுமுன் தொடங்குகிற வேலை இருட்டிய பிறகும் முடியாது. லாரி நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து ஏற்ற வேண்டும். ஜோடியில் ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் அபராதம். நாளொன்றுக்கு 500 ரூபாய்வரை பிடிக்கிறார்கள் என்று அந்தப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள்.

காய்ச்சல் என்றாலும் அபராதம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அபராதம். மாதவிடாய் வலியில் எழுந்து நிற்க முடியவில்லை என்றாலும் அதே அபராதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு இரண்டே நாள் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் 12 நாள். நாளுக்கு 500 வீதம் 6,000 ரூபாய். வாங்கிய முன்பணத்தின் மேல் இதுவும் ஏறும். அடுத்த சீசனுக்கும் அதே கங்காணியிடம் போய்த் தீர வேண்டும். காலுக்குப் பூட்டிய சங்கிலி கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

வெட்டுக்காட்டில் கக்கூஸ் கிடையாது. குளிக்க மறைவிடம் கிடையாது. வயலோரத்தில் தார்ப்பாய்க் குடிசை. மாதவிடாய்த் துணியை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்த வழியில்லை. இந்த நிலையில் வியாதிக் கிருமி தொற்றாமல் என்ன செய்யும்? வெள்ளைப்படுதல், அரிப்பு, அடிவயிற்று வலி, இடுப்பு வலி எல்லாம் வருகின்றன. ஊர் திரும்பியதும் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். "கர்ப்பப்பை கெட்டுவிட்டது, விட்டுவைத்தால் புற்றுநோய் வரும்" என்று அங்கே பயமுறுத்துகிறார்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று குழந்தை பெற்றுக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டவள். இனிமேல் அந்தப் பை எதற்கு என்று அவளும் நினைக்கிறாள். மாதவிடாய் நின்றால் அபராதமும் நிற்கும் அல்லவா? ஆபரேஷனுக்குப் பணம் எங்கே? கங்காணியே கொடுக்கிறான். அதையும் அடுத்த சீசன் கூலியில் பிடித்துக்கொள்கிறான்.

நோய்க்கு வழி செய்தவனே கத்திக்கும் கடன் கொடுக்கிறான்!

பள்ளிக்கூடத்திலிருந்து வெட்டுக்காட்டுக்கு

இந்த வண்டி புறப்படுவது ஆஸ்பத்திரி வாசலில் அல்ல. வயதுக்கு வந்த சிறுமியின் வீட்டு வாசலில்.

பீட் ஜில்லாவில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் 18 வயது நிரம்பு முன்பே கல்யாணம் ஆனவர்கள் என்று அதே 2019-21 சர்வே காட்டுகிறது. ஏன்? ஆறு மாதம் வெளியூர் போகும் தாய் தகப்பன், பருவமடைந்த பெண்ணைத் தனியே விட்டுப் போக அஞ்சுகிறார்கள். கல்யாணம் ஆகிவிட்டால் பொறுப்பு விட்டது என்று எண்ணுகிறார்கள். கல்யாணம் ஆன மறு சீசனே புதிய ஜோடிக்குத் தனி முன்பணம் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள் 'அரை அரிவாள்' ஆகிவிடுகிறாள்.

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006-ம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல. பூப்படைந்துவிட்டால் பெண் பிள்ளைப் பேற்றுக்குத் தயார் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் மாதவிடாய் தொடங்குகிறது. ஆனால் இடுப்பெலும்பு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வளர வேண்டியிருக்கிறது. வளர்ந்து முடியாத உடம்பில் கரு தங்கினால், வளரும் பெண்ணும் வளரும் சிசுவும் ஒரே கஞ்சிக்குப் போட்டி போட வேண்டியதாகிறது. ரத்தசோகை, ரத்த அழுத்தம் ஏறி வரும் ஜன்னி, வழி போதாமல் தடைப்படும் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் இளம் தாய்க்கே அதிகம்.

தமிழ்நாட்டில் இந்த நிலை இல்லை என்று நாம் மார்தட்ட வேண்டாம். அதே சர்வேயின்படி இங்கும் நூற்றுக்குப் பன்னிரண்டு பதிமூன்று பெண்களுக்கு 18-க்கு முன்பே தாலி ஏறியிருக்கிறது. 15 முதல் 19 வயதுவரை உள்ள நம் பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. களை பறிக்கவும் நூல் முடி போடவும் போகிற பிள்ளைகள் இவர்களில் எத்தனை பேர் என்று நம் தெருவைப் பார்த்தாலே தெரியும்.

தெரியாமை யாருக்கு லாபம்?

பதினாறு பேரில் ஒருத்திக்காவது கர்ப்பப்பை என்றால் என்ன, அது உடம்பில் என்ன செய்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் கத்தியின் முன் இவ்வளவு சுலபமாகப் படுத்திருப்பாளா? பள்ளியில் அந்தப் பாடத்தை வாத்தியார் தாண்டிப் போனார். வீட்டில் அம்மா 'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்லி மூலையில் உட்கார வைத்தாள். சங்கத்தில் நாம் இதைப் பேசவே இல்லை. எல்லோரும் வாய் மூடியிருந்த இடத்தில் கங்காணியும் கத்தியும் பேசின.

ஆகவே வெட்கப்படாமல் சொல்வோம்.

கர்ப்பப்பை என்பது கைக்குள் அடங்கும் ஒரு சதைப் பை. அதன் இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள். பருவமடைந்த பெண்ணுக்குச் சுமார் மாதம் ஒரு முறை ஒரு கருமுட்டை முதிர்ந்து வெளிவருகிறது. அது கருவானால் தங்குவதற்காகக் கர்ப்பப்பையின் உட்புறத்தில் ரத்தமும் சத்தும் நிறைந்த ஒரு மெத்தை வளர்கிறது. கருத் தரிக்கவில்லை என்றால் அந்த மெத்தை கரைந்து வெளியேறுகிறது. அதுதான் மாதவிடாய். அது கெட்ட ரத்தமல்ல, தீட்டுமல்ல. சிசுவுக்கு விரித்த பாயைச் சுருட்டி வெளியே வைப்பது போன்றது. முதல் ஓரிரு ஆண்டுகள் மாதம் தவறி வருவதும் சகஜம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு துணி நனையும்படி போனாலோ, ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாதபடி வலித்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மாத நடுவில் வாடையில்லாமல் வழவழப்பாகக் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயற்கை. நாற்றம், அரிப்பு, நிற மாற்றம், வலி இருந்தால் அது தொற்று. பெரும்பாலான தொற்று மாத்திரையில் குணமாகும். சில தொற்றுகளுக்குப் புருஷனும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும்; இல்லையென்றால் மறுபடி வரும். இதற்கெல்லாம் கர்ப்பப்பையை எடுப்பது, ஓட்டில் ஒழுக்கு என்று வீட்டை இடிப்பதற்குச் சமம்.

கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. புற்றுநோய், வேறு வைத்தியத்துக்குக் கட்டுப்படாத ரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், அடி இறங்கிப் போதல் முதலியவை. அப்போது ஆபரேஷன் உயிர் காக்கும். யாரும் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் அது கடைசி வைத்தியமே தவிர முதல் வைத்தியமல்ல. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால், நாற்பத்தைந்து ஐம்பதில் வர வேண்டிய மாதவிடாய் முடிவு உடனே வந்துவிடுகிறது. எலும்பு தேய்கிறது; மூட்டு வலிக்கிறது; உடம்பு திகுதிகு என்று எரிகிறது; இருதய நோய்க்கும் இடமாகிறது. சினைப்பையை விட்டுவைத்தாலும் அந்த முடிவு சில ஆண்டுகள் முந்துவது உண்டு. சுமை தூக்கிப் பிழைப்பவளுக்கு எலும்புதானே மூலதனம்? அபராதத்துக்குப் பயந்து கர்ப்பப்பையைக் கொடுத்தவள், பிறகு உழைக்கும் சக்தியையே இழக்கிறாள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று பயமுறுத்துகிறார்களே, அதைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஒரு வகை வைரஸ் கிருமியால் வருவது அது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போடத் தடுப்பூசி இருக்கிறது. முப்பது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் ஒரு திரவத்தைத் தடவிச் சில நிமிஷங்களில் பார்த்துச் சொல்லும் எளிய சோதனை இருக்கிறது. பயமுறுத்துகிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை?

இன்னொன்றும் ஆண் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்ணின் முட்டையில் ஒரே வகை. ஆணின் விந்தில் இரண்டு வகை. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது புருஷனின் விந்தணுவே. பெண்ணாய்ப் பெற்றாள் என்று பெண்டாட்டியை ஏசுகிறவன், விதை தன்னுடையது என்பதை மறந்து மண்ணை ஏசுகிறான். பிள்ளை போதும் என்றால் ஆணுக்குச் செய்யும் ஆபரேஷன் சுலபமானது, வயிற்றைக் கிழிப்பதில்லை, ஆண்மையும் குறைவதில்லை. இருந்தும் கத்தி பெண் பக்கமே போகிறது.

பீட் மட்டுமல்ல

இந்த வியாபாரம் ஒரு ஜில்லாவோடு நிற்கவில்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களிலும் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்டது. ஏழைகளின் வைத்தியச் செலவுக்கென்று சர்க்கார் ஏற்படுத்திய இன்ஷூரன்ஸ் பணம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குத் தூண்டிலில் மாட்டிய புழுவாயிற்று. டாக்டர் நரேந்திர குப்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தேவையற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார இலாகா 2022-ல் வகுத்த விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அமல் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஜில்லாதோறும் கண்காணிப்புக் கமிட்டி வேண்டும் என்பதும் அந்த விதிகளில் ஒன்று. நம் ஜில்லாவில் அந்தக் கமிட்டி எங்கே கூடுகிறது, என்ன கணக்கு வைத்திருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கரும்பு வயலிலிருந்து பஞ்சாலைக்கு வருவோம். வேலை வேறு, விதி ஒன்றே. 2019-ம் ஆண்டிலேயே தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷனின் நிருபர்கள் தமிழ்நாட்டில் நூல், துணி, ஆயத்த ஆடை வேலைகளில் இருந்த சுமார் நூறு பெண்களிடம் விசாரித்தார்கள். மாதவிடாய் வலி என்றால் வீட்டுக்கோ டாக்டரிடமோ அனுப்பாமல், வேலைத் தலத்திலேயே ஒரு மாத்திரையைக் கொடுத்து மிஷினுக்கு முன் நிறுத்துகிறார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். மாத்திரையைக் கொடுத்தவர்கள் டாக்டருமல்ல, நர்சுமல்ல, மாத்திரைக்குப் பெயருமில்லை.

வலிக்கு மாத்திரை சாப்பிடுவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. டாக்டர் சொல்லி, அளவு தெரிந்து, சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம். ஆனால் மாதாமாதம், வெறும் வயிற்றில், என்ன மருந்து என்றே தெரியாமல் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. மாத்திரை அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது. உள்ளே கட்டியோ தொற்றோ ரத்தசோகையோ இருந்தால் பல ஆண்டுகள் தெரியாமலே போகிறது.

சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்றாண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டி, பதின்வயதுப் பெண்களை ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கிய கொடுமையை நம் மேற்கு ஜில்லாக்கள் நன்றாக அறியும். அங்கே மூன்றாண்டு முடியுமுன் வேலையை விட்டால் தொகை போய்விடும் என்ற பயம். இங்கே ஒரு நாள் விட்டால் அபராதம் என்ற பயம். முன்பணமாயினும் பின்பணமாயினும் பெண்ணின் உடம்பே ஈடு.

நடவு வயலில் நிற்கும் நம் தாய்மாருக்கு மட்டும் என்ன வாழ்கிறது? ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீரை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பும் தொற்றும் அதனால் வருகின்றன. இதை நோய் என்று சொல்வதா, வேலை நிலைமை என்று சொல்வதா?

இரண்டு ஆட்சேபனைகள்

"அந்தப் பெண்கள் தாமாக முன்வந்துதானே ஆபரேஷன் செய்துகொண்டார்கள், யார் கட்டாயப்படுத்தியது?" என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு பக்கம் அபராதம், ஒரு பக்கம் கடன், ஒரு பக்கம் புற்றுநோய் என்ற பயம். மூன்று பக்கமும் அடைத்துவிட்டு நாலாவது வழியில் போனவளைப் பார்த்து அவள் இஷ்டப்பட்டுத்தான் போனாள் என்று சொல்வது நியாயமா? அபராதத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீரும் கக்கூசும் கொடுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். அப்புறம் அவள் இஷ்டம் எது என்று தெரியும்.

"மாதவிடாய்க்கு லீவு, பிரசவத்துக்கு லீவு என்று கேட்டால் முதலாளிகள் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள்" என்பது இரண்டாவது ஆட்சேபனை. இதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. இதில் ஒரு நிஜமான பயம் இருக்கிறது. ஆனால் இதே வாதம் பிரசவச் சலுகை கேட்டபோதும் எழுந்தது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1919-லேயே தீர்மானித்தது. தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி 1924-ல் மத்திய சட்டசபையில் கொண்டுவந்த பிரசவச் சலுகை மசோதா தோற்கடிக்கப்பட்டது. ஆயினும் 1929-ல் பம்பாய் மாகாணத்தில் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்திலும் 1934-ல் வந்தது. நாடு முழுவதற்குமாக 1961-ல் வந்தது. 12 வாரமாக இருந்த ஓய்வு 2017-ல் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரமாயிற்று. 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறது. மில்கள் மூடிப் போய்விடவில்லை. பெண்கள் ஆலையை விட்டு மறைந்துவிடவுமில்லை.

பயத்துக்குப் பரிகாரமும் அந்த அனுபவத்திலேயே இருக்கிறது. ஒரு பெண்ணின் பிரசவச் செலவு முழுவதையும் அவளை வேலைக்கு வைத்த ஒரே முதலாளி தலையில் வைத்தால் அவன் பெண்ணை ஒதுக்கப் பார்ப்பான். 1948-ம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் செய்தது போல் எல்லா முதலாளிகளும் கட்டும் பொது நிதியிலிருந்து கொடுத்தால், ஆண்களை மட்டும் வைத்திருப்பவனும் தன் பங்கைக் கட்டியே தீர வேண்டும். ஒதுக்குவதில் லாபம் இல்லாமல் போகும். ஆகவே "லீவு கேட்காதே" என்பதல்ல முடிவு. "பொது நிதியிலிருந்து கொடு" என்பதே முடிவு.

பீகார் சர்க்கார் 1992 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விசேஷ விடுப்புக் கொடுத்து வருகிறது. அந்தச் சர்க்கார் முழுகிப் போய்விடவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்யும் சகோதரிக்குப் பொருந்துவது, கரும்புக் கட்டைத் தலையில் தூக்குகிறவளுக்கு அதைவிட அதிகமாகப் பொருந்தாதா?

என்ன செய்ய வேண்டும்?

கோரிக்கைகள் தெளிவானவை.

மாதவிடாய்க்காகவோ கர்ப்பத்துக்காகவோ வராத நாளுக்கு அபராதமோ, மொத்தத் தொகையில் பிடித்தமோ கூடாது. முன்பணத்தைக் காட்டிப் புருஷன் பெண்டாட்டியை ஒரே கணக்காக்கும் முறை ஒழிய வேண்டும். பெண்ணின் கூலி பெண்ணின் கையில், அவள் பெயரில் கொடுக்கப்பட வேண்டும்.

மில்லாயினும் வயலாயினும் வெட்டுக்காடாயினும் தண்ணீரும் மறைவிடமும் கொடுப்பது வேலை கொடுப்பவனின் கடமை. மில்லில் மருந்து கொடுப்பவர் மருத்துவப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். என்ன மாத்திரை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வார ஓய்வு என்ற உரிமை, எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்தவளுக்கு உண்டு. கேஷுவல் என்றும் கான்ட்ராக்ட் என்றும் சொல்லி அதை ஏய்க்கக் கூடாது. அந்த ஓய்வில் இருப்பவளை வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம். விவசாயத் தொழிலாளிக்கு இந்தச் சலுகை எட்டுவதில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கிய பிரசவ உதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. நல்லதே. ஆனால் 26 வாரக் கூலியோடு ஒப்பிட்டால் அது எத்தனை வாரத்துக்குக் காணும்? வயலில் உழைப்பவளுக்கும் கூலிக்கு ஈடான ஓய்வுச் சம்பளம் வேண்டும்.

சர்க்காரிடமும் முதலாளியிடமும் கேட்க வேண்டியவை இவை. நாமே நாளைக்கே செய்யக் கூடியவையும் இருக்கின்றன.

பெண்பிள்ளை பெரியவளாகும் முன்பே, பத்து வயதிலேயே, மாதவிடாய் என்றால் என்ன என்று தாய் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் ரத்தத்தைக் கண்டு தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பிள்ளை கிணற்றடியில் அழக் கூடாது. மகனுக்கும் சொல்ல வேண்டும். குரல் உடைவதும், தூக்கத்தில் விந்து வெளிப்படுவதும் நோயல்ல என்று தகப்பன் சொல்லாவிட்டால், லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் போலி வைத்தியன் சொல்வான். பையனின் ஒரு மாதக் கூலியைப் பிடுங்கிக்கொள்வான். பெண்ணின் சம்மதம் இல்லாமல் அவளைத் தொடுவது ஆண்மையல்ல, குற்றம் என்பதையும் அந்தப் பையன் வீட்டிலேயே கற்க வேண்டும்.

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் தூக்கி எறியாமல் சாப்பிட்ட பின் விழுங்கச் செய்ய வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் நர்சம்மாவிடம் சீக்கிரமே பெயர் பதிந்து, ரத்தமும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், உதிரம் போதல், சிசுவின் அசைவு குறைதல், இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று தனியார் டாக்டர் யாராவது சொன்னால், அவசரம் என்று அவர் காரணம் காட்டாதவரையில், சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரண்டாவது டாக்டரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு கிராம விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதம் ஒரு கூட்டத்தை இதற்கென்று ஒதுக்கட்டும். நர்சம்மாவையும் நல்ல டாக்டரையும் அழைத்துப் பேசச் சொல்லட்டும். முன்வரிசையில் ஆண்கள் உட்காரட்டும். கோரிக்கை மனுவில் பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் பக்கத்தில் கக்கூஸும் மாதவிடாய் ஓய்வும் இடம்பெறட்டும். அதை எழுத வெட்கப்படும் கை, பீட் ஜில்லாவின் 13 ஆயிரம் பெண்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளட்டும்.

எட்டு மணி நேர வேலை என்பது ஒரு காலத்தில் நடக்காத காரியம் என்று சொல்லப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் அப்படித்தான் சொன்னார்கள். உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்ற கணக்கை முதலாளியின் புத்தகத்தில் தொழிலாளர்கள் போராடித்தான் எழுதினார்கள். பெண்ணின் உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. அதையும் அதே புத்தகத்தில், அவனுடைய செலவுப் பக்கத்தில் எழுதுவோம். இனி ஒருத்தியும் அதைத் தன் ரத்தத்தால் கட்டக் கூடாது!